நீர்மூழ்கியின் அடுக்களை

நீர்மூழ்கிக் கப்பலின் பயணகாலத்தை வரையறுப்பது இயந்திரமே என நாம் எண்ணுவோம். இன்று நிலைமை வேறு.

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) ஜேர்மனியர் செலுத்திய ஏழாம் வகை நீர்மூழ்கியில் நாற்பதின்மர்க்கு மேற்பட்டோருக்கு ஒரே சிற்றடுக்களை. கழிப்பறைகள் இரண்டு, புறப்படும்போது அவற்றுள் ஒன்றிலும் உணவுப்பொருள்களையே அடைத்தனர். அவை தீருமளவும் மற்றையதே யாவர்க்கும். ஈரக்காற்றிற் பாண் விரைவிற் பூஞ்சணம் பூத்தது. பின்னர்த் தகரத்திலடைத்த உணவே கதி.

1954 இல் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த நோட்டிலசு, அணுச்சத்தியால் இயங்கிய முதல் நீர்மூழ்கியாகும். இன்றைய அணுச்சத்தி நீர்மூழ்கிகள் கடல்நீரினின்று நன்னீர் வடிக்கின்றன; நீரை மின்னாற் பகுத்து மூச்சுக்கு ஒட்சிசனும் பெறுகின்றன. அணுவுலையோ ஆண்டுக்கணக்கில் இயங்கும். ஆயினும் ஏறத்தாழ மூன்று திங்களுக்கே உணவு ஏற்றலாம். அது தீருமுன் கரை சேர்தல் வேண்டும்.

அணுவைப் பிளந்த அறிவும் அடுக்களைக் கணக்கிற்கு அடங்கியே நடத்தலை நாம் ஈண்டுக் காண்கின்றோம்.