ஏற்றத்தை விட இறக்கமே சோதனை: நடுவயதில் மீண்டும் சைக்கிள் ஏறுவோர் அறிய வேண்டியவை

2022 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே ஜூலை 10 ஆம் திகதி வரை எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, நாடெங்கும் வீட்டுத் தாழ்வாரங்களில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்கில் காத்து நின்று சலித்தவர்கள் பலர், இருபது முப்பது ஆண்டுகளின் பின்னர் முதன்முறையாகப் பெடலை மிதித்தார்கள். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பெரும்பாலும் சைக்கிளிலேயே கடந்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. ஆனால் மலையகத்தவருக்கு அப்படியல்ல.

மலையகத்தில் சைக்கிள் ஒருபோதும் பிரதான வாகனமாக இருந்ததில்லை. இலங்கையின் ஏழு தேயிலைப் பிராந்தியங்களுள் ஒன்றான உடப்புசல்லாவையில், சமதரை என்று சொல்லத்தக்கவை தோட்டத்து விளையாட்டு மைதானமும் பாடசாலை முற்றமும் மட்டுமே. சிறுவயதில் பத்துப் பேர் ஒரு சைக்கிளை மாறி மாறி ஓட்டிப் பழகியதோடு பலருக்கு அந்த உறவு முடிந்துவிடுகிறது. 2022 இல் அதனைப் புதுப்பித்துக் கொண்டவர்களில் பெரும்பாலானோர் எரிபொருள் திரும்பியதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து விட்டனர். சிலர் மட்டும் தேவைக்காக ஏறியதை மகிழ்ச்சிக்காகத் தொடர்ந்தனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். விழுந்து தோளெலும்பை முறித்துக் கொண்டவர்களுள்ளும் ஒருவர். அந்த அனுபவம் கற்பித்த பாடம் ஒன்றே: சைக்கிள் ஓட்டும் வித்தையை உடல் மறப்பதில்லை; ஆனால் அந்த வித்தையைக் கற்ற உடல் இப்போது நம்மிடம் இல்லை.

நன்மை எவ்வளவு?

நாற்பது, ஐம்பது வயதில் தொடங்குவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. டென்மார்க்கில் 50 முதல் 65 வயது வரையானோரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வொன்றில், முன்னர் சைக்கிள் ஓட்டாதிருந்து ஐந்தாண்டு இடைவெளிக்குள் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு இருதய நாடி நோய் ஏற்படும் ஆபத்து, தொடர்ந்து ஓட்டாதிருந்தவர்களை விட ஏறத்தாழ 26 வீதம் குறைவாகக் காணப்பட்டது. நீரிழிவு நோயாளர்களைப் பற்றி 2021 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வும், இடையில் தொடங்கியவர்களிடம் மரண ஆபத்துக் குறைந்திருந்ததைச் சுட்டுகிறது. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுபவையே தவிர, சைக்கிள் ஒன்றே காரணம் என்று நிறுவுபவை அல்ல. எனினும் வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை நிறைவேற்ற இது எளிய வழி. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுவலி ஆகியவை உள்ளோர் தொடங்குவதற்கு முன்னர் வைத்தியரைக் காண்பது அவசியம்.

முழங்காலும் ஆசனமும்

மீண்டும் தொடங்குவோரைத் தடுத்து நிறுத்தும் முதல் உபாதை விபத்தன்று; முழங்கால் வலியே. முழங்காலின் முன்புறம் வலித்தால், ஆசனம் தாழ்ந்திருப்பதோ கடினமான கியரில் ஏற்றத்தை அழுத்தி மிதிப்பதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆசனத்தில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். இந்த எளிய சோதனை பல மாத வலியைத் தவிர்க்கும். நீண்ட நேரம் ஹாண்டிலை இறுகப் பற்றுவதால் மோதிர விரலும் சிறுவிரலும் மரத்துப் போவதுண்டு. உள்ளங்கையின் ஓரத்திலுள்ள நரம்பு அழுத்தப்படுவதே அதற்குக் காரணம். பிடியை அடிக்கடி மாற்றிக் கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது பயிற்சியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் முதல்நாள் ஓட்டம் அளவு மீறியது என்பது பொருள்.

எந்தப் பாதை?

மலைநாட்டில் பாதையைத் தெரிவதே பாதிப் பாதுகாப்பு. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை அமைக்கப்பட்ட குறுகிய ரயில் பாதைக்கு உடப்புசல்லாவை ரயில் பாதை என்றே பெயர். 1940 களில் மூடப்பட்டுவிட்ட அப்பாதையை அமைத்தவர்கள் மலையை நேராக எதிர்க்கவில்லை. அதன் வளைவுகளைத் தழுவியே சென்றார்கள். கொழுந்து லொறிகள் செல்லும் தோட்டப் பாதைகளும் அவ்வாறே சரிவைச் சுற்றிச் செல்கின்றன. புதிதாகத் தொடங்குவோருக்கு இவையே ஏற்றவை. மலையை வெட்டி நேராக இறங்கும் குறுக்குப் பாதைகள் நடப்பவர்களுக்கு உரியவை. முதல் சில வாரங்களுக்கு விளையாட்டு மைதானமே போதும். நுவரெலியாவுக்குச் செல்லும் வசதியுள்ளோருக்கு, 1873 இல் அமைக்கப்பட்ட கிரகறி வாவியின் சுற்றுப்புறச் சமதரை உண்டு.

இறக்கத்தின் ஏமாற்று

ஏற்றம் மனிதனைக் களைப்படையச் செய்யும்; ஆனால் விழுத்துவது அரிது. மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளிச் செல்லலாம், அதில் வெட்கமில்லை. இறக்கமோ களைப்பாறும் இடம் போன்று தோன்றி ஏமாற்றுகிறது. வேகம் இரு மடங்கானால் நிற்பதற்குத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டைகள் முதலில் நீரைத் துடைத்து விட்டே பிடிக்கத் தொடங்கும். வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும் கொண்ட எமது பகுதியில் இது சிறிய விடயமன்று.

எனவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும்; வளைவினுள் பிரேக்கை இறுக்கக் கூடாது. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் கம்பியின் இறுக்கத்தையும் பார்ப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். அந்த ஒரு நிமிடத்தை இக்கட்டுரையாளர் சேமிக்க நினைத்தார். மழை ஓய்ந்த ஒரு காலையில், இராகலையிலிருந்து உடப்புசல்லாவை நோக்கி இறங்கும் வீதியில், பதினைந்து வயதில் இறங்கிய அதே துணிச்சலோடு நாற்பத்தாறு வயதில் இறங்கியபோது பின் சக்கரம் வழுக்கியது. தோள் முதலில் தரையைத் தொட்டது, அடுத்துத் தலை. தலைக்கவசம் பிளந்தது, தலை பிளக்கவில்லை. காயமடைந்த 64,000 க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விபரங்களைத் தொகுத்து 2016 இல் வெளியான பகுப்பாய்வொன்று, தலைக்கவசம் அணிந்தோரிடம் கடுமையான தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 69 வீதம் குறைவு என்று கண்டது. ஒருமுறை மோதிய கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

விழுந்த பின்

விழுந்தவுடன் எழுந்து நிற்க முயலக் கூடாது. வாகனங்கள் வரும் வீதியாயின் உடனிருப்பவர் முதலில் அவற்றை நிறுத்த வேண்டும். நினைவு தப்பியிருந்தாலோ, வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, மயக்கநிலை தோன்றினாலோ, கழுத்து வலித்தாலோ, 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைப்பதே முறை. உராய்வுக் காயங்களை ஓடும் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் மண் போகக் கழுவ வேண்டும். கோப்பித்தூள், தேயிலைத்தூள் அப்புவது கிருமித்தொற்றுக்கே வழிவகுக்கும். ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்பதையும் வைத்தியசாலையில் கேட்டறிய வேண்டும்.

கையை ஊன்றி விழுபவர்களுக்குப் பெருவிரலின் அடியிலுள்ள குழிவில் வலி இருந்தால் அசட்டை செய்யலாகாது. அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரே படத்தில் தெரியாமற் போகலாம். வலி நீடித்தால் இரு வாரங்களுக்குள் மீண்டும் படம் எடுப்பது வழக்கம். நாட்டு முறிவு வைத்தியத்தின் மீது எமது மக்களுக்கு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைப் பழிப்பது நோக்கமன்று. ஆயினும் எலும்பு முறிந்திருக்கிறதா என்று படம் பார்த்து அறியுமுன் எண்ணெய் பூசி நீவுவது, விலகாத எலும்பையும் விலகச் செய்யக்கூடும்.

காரை எலும்பு என்னும் தோளெலும்பின் முறிவு சைக்கிளோட்டிகளிடையே சாதாரணமானது. பெரும்பாலானவை கையைத் தூக்குப்பட்டியில் தாங்கியபடியே, சத்திரசிகிச்சையின்றிப் பொருந்தி விடுகின்றன. வயது வந்தோருக்கு அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை தேவைப்படலாம். அக்காலத்தில் விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை வைத்தியர் சொன்னபடி அசைத்து வராவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும்.

இங்குதான் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறுபடுகிறது. மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஆறு வாரம் என்பது ஓய்வு. நாட்சம்பளம் பெறுபவருக்கு அது அடுப்பெரியாத நாட்களின் கணக்கு. ஆகவே வலி சற்றுத் தணிந்ததுமே கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கவோ கொழுந்துக் கூடையைச் சுமக்கவோ பலர் முற்படுகின்றனர். பொருந்திக் கொண்டிருக்கும் எலும்பு மீண்டும் விலகினால், இழக்க நேரும் நாட்கள் அதிகமாகும். வைத்தியரிடம் தமது தொழில் இன்னதென்று விளக்கிக் கூறி, எவ்வேலையை எப்போது செய்யலாம் என்று எழுத்தில் பெற்றுக் கொள்வதும், இலகு வேலை கோருவதும் நோயாளியின் உரிமை என்றே கொள்ள வேண்டும்.

அச்சத்தை என்ன செய்வது?

எலும்பு பொருந்திய பின்னரும் அச்சம் பொருந்துவதில்லை. விழுந்த வளைவைப் பஸ்ஸில் கடக்கும்போதே கைகள் இறுகும். இது கோழைத்தனமன்று, உடலின் நினைவு. வலியின்றிக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தவும் பிரேக்கை முழுப் பலத்துடன் பற்றவும் முடிகிறதா என்பதே மீண்டும் ஏறுவதற்கான முதற் சோதனை. அதன்பின் மைதானம், அடுத்து வாகனமற்ற தோட்டப் பாதை, இறுதியிலேயே இறக்கம் என்ற ஒழுங்கு சிறந்தது. விழுந்த இடத்தை முதலில் நடந்து கடந்து, எங்கே வழுக்கியது, ஏன் வழுக்கியது என்று பார்ப்பது பயனளித்தது. காரணம் தெரிந்த விபத்து மனதை அதிக காலம் அச்சுறுத்துவதில்லை.

வயது வந்தபின் விழுந்து எழுந்து கற்றவர்களுக்கு நம்மவரிடையே முன்னுதாரணம் உண்டு. 1990 களின் தொடக்கத்தில், மலையகத் தமிழர் பலரின் பூர்வீகமான புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்குவிப்பில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் ஓர் அங்கமாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். வயல் வேலையும் கல்லுடைப்பும் செய்து வாழ்ந்த அப்பெண்கள் கேலியையும் சிராய்ப்பையும் ஒருங்கே தாங்கினர். அவர்களுக்குக் கிடைத்தது வெறும் பொழுதுபோக்கன்று. பஸ்ஸுக்கும் ஆண்களுக்கும் காத்திராத சுதந்திரம். எமது தோட்டங்களில் சைக்கிளில் செல்லும் பெண்ணைக் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

இக்கட்டுரையாளர் நான்காவது மாதத்தில் மீண்டும் சைக்கிளில் ஏறினார். அதே இறக்கத்தில் இப்போது முச்சக்கர வண்டிகள் மட்டுமன்றி, வேலைக்கு விரைந்து நடப்பவர்கள் கூடச் சிலவேளை முந்திச் செல்கின்றனர். பதினைந்து வயதுப் பையனுக்கு அது அவமானமாகத் தோன்றியிருக்கும். நாற்பதைக் கடந்தவருக்கு, மாலையில் முழுமையாக வீடு திரும்புவதே வேகத்தின் சரியான அளவு.