மருமகளை மட்டும் டெஸ்டுக்கு அனுப்பாதீர்கள்!



எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. மேடவாக்கத்தில் வசிக்கிறோம். நான் எழுதப் போவது வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்தான். ஆனாலும் இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

என் தம்பிக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. அம்மா மருமகளைத்தான் குறை சொன்னார். "சஷ்டியில இருந்தாதான் அகப்பையில வரும்" என்று விரதம் இருக்க வைத்தார்; அரசமரம் சுற்ற வைத்தார். வளைகாப்பு வீடுகளுக்கு அவளைக் கூட்டிப் போவதையே நிறுத்திவிட்டார். பாவம், அவளும் ஸ்கேன், ரத்த டெஸ்ட் என்று அலைந்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

தம்பி மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆபீஸ் முடிந்ததும் ஜிம்முக்குப் போவான். இரண்டே வருடத்தில் தோளும் மார்பும் அகன்று, சட்டையெல்லாம் இறுக்கமாகிவிட்டது. "எம்புள்ள பயில்வான் மாதிரி இருக்கான்" என்று அம்மாவுக்குப் பெருமை. முதுகு முழுக்கப் பருவும், எதற்கெடுத்தாலும் வருகிற கோபமும் மட்டும் எங்களுக்குப் புரியவில்லை.

போன வருடம் லேடி டாக்டர், "அடுத்த தடவை வீட்டுக்காரர் இல்லாம வராதீங்கம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பி குதித்தான். "எனக்கென்னக்கா குறைச்சல்? ஆளைப் பார்த்தா தெரியலையா?" என்றான். "டேய், அவ எத்தனை ஊசி குத்திக்கிட்டா! நீ ஒரே ஒரு டெஸ்ட் எடுத்தா தேஞ்சா போயிடுவே?" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

விந்துப் பரிசோதனையில் ஓர் உயிரணுகூட இல்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஜிம்ல ஏதாவது ஊசி போட்டுக்கிறீங்களா?" என்பதுதான். தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். ஜிம்மில் ஒருவர் "சத்து ஊசி" என்று சொல்லி வாராவாரம் போட்டாராம். அது டெஸ்டோஸ்டிரான் என்கிற ஆண் ஹார்மோன்.

"ஆண் ஹார்மோன் போட்டா ஆண்மை கூடத்தானே டாக்டர் செய்யணும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன உதாரணம் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். "தினமும் தண்ணி லாரி வந்து சம்ப்பை நிரப்பினா, நீங்க போர் மோட்டாரைப் போடுவீங்களா?" என்றார். ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும், 'போதும்' என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. விதைப்பையில் ஹார்மோன் சுரப்பதும் நின்று, உயிரணு உற்பத்தியும் நின்றுவிடுகிறதாம்.

இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது! 1990-ல் வெளியான அந்த ஆய்வில், 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டதில், ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு உயிரணு அடியோடு இல்லாமல் போனது. குழந்தைக்காக மனைவி விரதம் இருக்க, கணவன் கருத்தடை ஊசி போட்டிருக்கிறான்!

மருந்தைக் குறை சொல்லக் கூடாது. பிறவியிலேயே ஹார்மோன் குறைந்தவர்கள், விதைப்பை பாதிக்கப்பட்டவர்கள், மூளையடி பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் அது வரப்பிரசாதம். ஆனால் காலையில் ரத்தம் எடுத்து, இரண்டு தடவை பார்த்து, குறைவு உறுதியான பிறகுதான் டாக்டர் தொடங்குவார். அவர்களிலும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வேறு ஊசிதான். ரத்தம் கெட்டியாகிறதா என்றும் அவ்வப்போது பார்ப்பார். 2023-ல் வெளியான ஐயாயிரத்துக்கும் அதிகமான ஆண்களின் ஆய்வில், டாக்டர் கண்காணிப்பில் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் சற்றுக் கூடுதலாக வந்தன. கண்காணிப்பிலேயே இப்படி என்றால், கணக்கு வழக்கில்லாமல் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது.

தம்பி ஊசியை நிறுத்திவிட்டான். முதல் சில மாதம் சோர்ந்து, யாரோடும் பேசாமல் கிடந்தான். பதினோரு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் உயிரணுக்கள் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகுமாம். காத்திருக்கிறோம்.

அம்மா இப்போது மருமகளை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் மூன்று வருடம் சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா? அன்றைக்குச் சமையலறையில் அவள் என்னிடம், "அண்ணி, அவருக்கு முதல்லயே டெஸ்ட் எடுத்திருந்தா எனக்கு இத்தனை பேச்சு இல்லையே" என்று அழுதபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சகோதரிகளே, குழந்தை தாமதமானால் இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். ஆணுக்குச் செய்யும் டெஸ்டில் ஊசிகூடக் கிடையாது. மகனோ தம்பியோ ஜிம்முக்குப் போனால், என்ன சாப்பிடுகிறான், என்ன ஊசி போடுகிறான் என்று தயங்காமல் கேளுங்கள். மாமியார்களே, மருமகளை அரசமரத்துக்கு அனுப்பும் முன், மகனை லேபுக்கு அனுப்புவீர்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்.