மை அழியாது, விரல் யாருடையது?

ஏப்ரல் 1 முதல் ஓடிபி ஒழிந்துவிடும் என்கிறது எனக்கு வந்த ஒரு கடிதம். இனி எல்லாவற்றுக்கும் கைரேகைதான் என்கிறது இன்னொன்று. பழைய கார்டு செல்லாதாமே என்று பதறுகிறது மூன்றாவது. மூன்றுமே தவறு. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25 அன்று வெளியிட்ட விதிகள் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருகின்றன. சில விலக்குகள் நீங்கலாக, மின்னணுப் பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சரிபார்ப்புகள் வேண்டும். கார்டை நேரில் நீட்டாத இடங்களில் அவற்றில் ஒன்றாவது அந்தப் பரிமாற்றத்துக்கென்றே புதிதாகப் பிறந்ததாக இருக்கவேண்டும் என்பதுதான் விதிகளின் சாரம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி இந்த இலக்கணத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே ஏற்கெனவே ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கும் வங்கி, துரும்பைக் கிள்ளிப்போடாமலே ‘விதிக்கு இணங்கிவிட்டோம்’ என்று இதில் பெரும்பகுதிக்குச் சொல்லிக்கொள்ளலாம். ‘சரிபார்ப்பு’ என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். சரியான ஆறு இலக்கம் வந்து சேர்ந்தால் வங்கியின் கணினிக்கு அது சரிபார்ப்பு. அந்த எண்ணைத் தட்டிய கை யாருடையது என்பது அதற்குத் தெரியாது.

கார்டு மோசடியைத் தடுக்க இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட வழிகளில் நல்லவை எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான்: திருடு போனதைச் செல்லாக்காசாக ஆக்கிவிடுவது. பழைய காந்தப் பட்டையில் இருந்த தகவல் என்றைக்கும் மாறாதது. ஒருமுறை நகலெடுத்தால் எத்தனை முறையும் தேய்க்கலாம். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013இல் சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் களவுபோனதும், 2016இல் இந்தியாவில் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஆபத்துக்கு உள்ளானதும் இந்தப் பலவீனத்தால்தான் பூதாகரமாயின. பிறகு வந்த சிப், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தன்னுள் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு ஒரு புதிய குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. நேற்றைய குறியீடு இன்று உதவாது. இதன் தத்துவத்தை மைசூருக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937இல் தொடங்கப்பட்ட மைசூரு பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் ஆலையில் செய்த மைதான் 1962 பொதுத்தேர்தலிலிருந்து நாட்டின் வாக்காளர் விரலில் ஏறுகிறது. அந்த மை யாரையும் துரத்திப் பிடிப்பதில்லை. ஒருமுறை பயன்பட்ட விரலை மறுமுறை பயன்படாமல் செய்கிறது, அவ்வளவே.

சிப்பின் இந்தக் குணத்தை இணையக் கடைக்குக் கொண்டுவந்ததுதான் டோக்கன். பலமுறை தள்ளிப்போய் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கார்டு வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகளும் தவிர வேறு எவரும் உங்கள் 16 இலக்க எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. கடையிடம் இருப்பது அதற்குப் பதிலான ஒரு மாற்று எண். பார்ப்பதற்கு கார்டு எண் போலவே இருக்கும். ஆனால் அந்தக் கடையோடு முடிச்சுப் போடப்பட்டது. கடையின் தரவுத்தளத்தை ஒருவன் முழுதாக அள்ளிச் சென்றாலும் அந்த எண்ணை வேறொரு தளத்தில் தட்ட முடியாது. போனை இயந்திரத்தின் மேல் காட்டிப் பணம் கட்டும் வசதியில் டோக்கன் அந்தப் போனோடும் கட்டப்படுகிறது. 2019 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி இதற்கு அனுமதி கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் விழிப்பாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. தூங்குகிறவரையும் காப்பாற்றும் பூட்டுதான் பூட்டு. ‘விழிப்புணர்வு வாரம்’ கொண்டாடும் அதிகாரிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி உறுத்தலுக்கு வருவோம். டோக்கனை உருவாக்க வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் வழக்கமாக எந்த வடிவில் வருகிறது? ஓடிபியாக. கார்டு எண்ணையும் சிவிவியையும் ஏதோ ஒரு போலித் தளத்தில் பறிகொடுத்த ஒருவரிடம், மின்கட்டணம் பாக்கி, கேஒய்சி காலாவதி என்று ஏதாவது சொல்லி ஒரே ஒரு ஓடிபியை வாங்கிவிட்டால் போதும். அவருடைய கார்டை மோசடிக்காரன் தன் போனில் டோக்கனாக ஏற்றிக்கொள்ளலாம். வெளிநாடுகளில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதன்பின் மைசூரின் தேவராஜ அர்ஸ் சாலையில் உள்ள கடை இயந்திரத்தில் அவன் போனைக் காட்டும்போது எல்லாமே முறைப்படி நடக்கும்: குறியீடு புதியது, டோக்கன் அசல், போனைத் திறந்த விரல் அந்தப் போனுக்குரியது. இந்தியாவில் 5,000 ரூபாய் வரை பின் எண்ணும் கேட்கப்படுவதில்லை. கள்ள ஓட்டு முதலில் விழுந்துவிட்டால் மை கள்ளனின் விரலில்தான் இருக்கும். உண்மையான வாக்காளர் வரும்போது பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கும். மையில் குறை இல்லை. வாசலில் சீட்டை மட்டும் பார்த்து முகத்தைப் பார்க்காமல் உள்ளே விட்டவரிடம்தான் குறை.

ஓடிபியைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று வங்கியாளர்கள் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. 2009 ஆகஸ்ட் முதல் இந்திய இணையக் கடைகளில் கார்டுக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். எண்ணும் சிவிவியும் மட்டுமே கேட்டுப் பணம் எடுக்கும் வெளிநாட்டுத் தளங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த வகையில் ஓடிபி பெரிய அணைதான். ஆனால் அணை கட்டியபின் வெள்ளம் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. தரவைத் திருடுவது கடினமானதும் திருடர்கள் மனிதரைப் பேசி மயக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வாயால் சொல்லக்கூடிய ஒரு ரகசியம், கேட்பவருக்குத் திறமை இருந்தால் சொல்லப்பட்டுவிடும். புதிய விதிகளில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது: ஒரு சரிபார்ப்பு கெட்டாலும் மற்றது கெடக்கூடாது. குறுஞ்செய்தியும் வங்கிச் செயலியும் ஒரே போனில் குடியிருக்கும் நாட்டில் இந்த வாசகத்தை யார் எப்படிச் சோதிக்கப்போகிறார்கள் என்பது தனிக் கேள்வி.

செய்யக்கூடியது என்ன என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு விடை வைத்திருக்கிறது. 2021 டிசம்பரில் அங்கே ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அடுத்த மாதமே, ஒரு புதிய போனில் வங்கியின் பாதுகாப்புச் சாவியை ஏற்றினால் அது உயிர்பெறக் குறைந்தது 12 மணி நேரம் ஆகவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமும் வங்கிகளும் ஏற்பாடு செய்தன. 2024இல் வங்கிக் கணக்குக்குள் நுழைய ஓடிபி என்பதையே படிப்படியாகக் கைவிடவும் முடிவெடுத்தார்கள். அந்த 12 மணி நேரத்தில் உயர் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அதன் கெட்டிக்காரத்தனம் மனித சுபாவத்தை அறிந்ததில் இருக்கிறது: மோசடிக்காரனின் மூலதனம் அவசரம்; அந்த அவசரத்தை அது பறித்துவிடுகிறது. புதிய போனில் டோக்கன் உருவானால் அரை நாள் ஆறவைத்து, அதற்குள் கார்டுதாரருக்கு இரண்டு வழிகளில் தகவல் சொல்வது இங்கே ஏன் கூடாது? வாடிக்கையாளருக்குச் சிரமம் என்பார்கள். புதுப் போன் வாங்குகிறவர் வருடத்தில் ஒருநாள் கார்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது அப்படி ஒன்றும் பெரிய தியாகமல்ல.

விதியை மீறி நடந்த பரிமாற்றத்தால் நட்டம் வந்தால் வங்கி மறுபேச்சின்றி முழுத்தொகையையும் தரவேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் புதிய விதி. இதைப் பலர் இனி மோசடிப் பணமெல்லாம் திரும்பிவிடும் என்று படித்திருக்கிறார்கள். ‘மீறி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓடிபி அனுப்பப்பட்டது, சரியாகத் தட்டப்பட்டது என்றால் வங்கி எதையும் மீறவில்லை என்றே வாதாடும். அப்போது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்த விதிகளுக்குத்தான் போகவேண்டும். அதன்படி, ரகசிய எண்ணைப் பகிர்ந்தது வாடிக்கையாளரின் அலட்சியம்; புகார் சொல்லும்வரை நட்டம் அவருடையது, சொன்னபின் வங்கியுடையது. அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை மட்டும் வங்கியின் தலையில். ஏமாற்றப்படுவதும் அலட்சியமும் ஒன்றா என்ற கேள்விக்குச் சுற்றறிக்கையில் இடமில்லை. ஓடிபியை விட்டால் வங்கிக்கு இழப்பு, வைத்திருந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு என்றிருக்கும்வரை ஓடிபி எங்கே போகும்?

மற்றக் கேள்விகள்:

வங்கியின் தவறுமின்றி, என் தவறுமின்றி பணம் போனால்? மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நட்டமில்லை.

வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காதது? அந்தத் தளம் சரிபார்ப்பு கேட்டால் அதை நடத்தித்தரும் ஏற்பாட்டை, தொடர்கட்டணம் அல்லாதவற்றுக்கு, வங்கிகள் 2026 அக்டோபர் 1க்குள் செய்யவேண்டும். கேட்காத தளத்தை அது கட்டாயப்படுத்தாது.

தொடாமல் கட்டும் வசதி, வெளிநாட்டுப் பயன்பாடு? 2020 முதலே செயலியில் அணைக்கும் பொத்தான் உண்டு, வேண்டும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே முதலில் அழைப்பது? வங்கியை, உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ.

சிவிவி எண்ணைச் சுரண்டி எடுத்துவிடலாமா? மனப்பாடம் ஆனபின் தாராளமாக.