பெரிய தோட்டத்தில் பங்கு வாங்குவோர் கவனத்திற்கு

நகரம் வளரும் திசையில் உள்ள பெரிய தோட்டங்கள் விலைக்கு வருவதுண்டு. 20, 30 ஏக்கரை ஒருவரே வாங்குவது அரிது. ஆளுக்கு 1 ஏக்கர், 2 ஏக்கர் எனச் சிறு விவசாயிகள் பிரித்து வாங்க முன்வருவர். அப்போது மண்ணையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது.

ஒருவர் கையில் இருந்தவரை தோட்டம் முழுவதற்கும் ஒரு கிணறு, ஒரு மின் இணைப்பு, ஒரு வண்டிப்பாதை போதுமானதாக இருந்திருக்கும். பிரித்த பின் கிணறு ஒருவர் பங்கிலும் பாதை மற்றொருவர் பங்கிலும் போய்விடும். சாலையோரம் வாங்கியவர் பின்னாளில் மனை போட்டு விற்றால், உள்ளே இருப்பவர் டிராக்டர் கொண்டுபோக வழியின்றித் தவிப்பார்.

ஆகவே கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் முறை எந்த நாள், பாதை எத்தனை அடி அகலம், எந்தப் புல எண் வழியே செல்கிறது என்பவற்றைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்கு நிற்காது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 1 ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட். முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று பார்த்து, சர்வேயரைக் கொண்டு அளந்து, கல் நட்டுக்கொள்வது நல்லது. பத்திரம் பதிவானதும் தாமதமின்றி உட்பிரிவு செய்து, தம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ள வேண்டும்.