ஆர்.சி.சி.பி. கண்ணில் படாத ஷாக்

மிக்ஸி ஓடவில்லையா, பிளக்கைப் பிடுங்கு, ஸ்க்ரூவைக் கழற்று, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா பார். அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லையா, ஒயர் விட்டிருக்கும். நம் வீடுகளில் இந்தக் கைவேலைக்குக் குறைவில்லை. பெரும்பாலும் விபரீதமாக ஒன்றும் ஆவதுமில்லை. அந்தத் தைரியத்தில் மைக்ரோவேவ் அடுப்பின் மேல்மூடியையும் கழற்றிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

ஷாக் அடிப்பதில் வோல்ட்டைவிட முக்கியம், உடம்புக்குள் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. ஒரு மில்லிஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகிக்கொள்ளும்; பிடித்த ஒயரை விட நினைத்தாலும் விரல் திறக்காது. இந்த எல்லையை ஆட்களை வைத்தே அளந்தவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்வந்த தன்னார்வலர்களை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியரில் விழுவதற்கும் இப்படிப்பட்ட அளவீடுகள்தான் அடிப்படை. அது செய்வது எளிய கணக்கு: ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? குறைந்தால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை வெட்டிவிடும்.

மைக்ரோவேவ் அடுப்பில் இந்தக் கணக்கு உதவாது. உள்ளே இருக்கும் கனத்த டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை ஏறக்குறைய 2000 ஆக உயர்த்துகிறது. கெபாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை இன்னும் ஏற்றி, மைக்ரோவேவ் அலைகளை உருவாக்கும் மேக்னெட்ரானுக்குச் சுமார் 4000 வோல்ட் கொடுக்கின்றன. டிரான்ஸ்பார்மரின் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது, காந்தப் புலம்தான் பாலம். உயர் மின்னழுத்தச் சுற்றின் ஒரு முனை அடுப்பின் உலோகக் கூட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். எனவே மறுமுனையைத் தொட்டவரின் உடம்பில் பாயும் மின்னோட்டம் கூடு வழியாக அதே சுற்றுக்குத் திரும்பிவிடும். மெயின் போர்டைப் பொறுத்தவரை ஃபேஸும் நியூட்ரலும் சமம். வழக்கமான சமையல் நடக்கிறது, அவ்வளவுதான். மின்னோட்டம் அளவு மீறினால் விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் அசையாது. ஆளைச் சாய்க்கத் தேவையானதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் ஒரு பாதுகாப்புக் கருவிக்கும் தெரியாது. மூடியைக் கழற்றிவிட்டு அடுப்பை ஓடவிட்டுப் பார்ப்பது ஆபத்தில் முதலிடம் பெறுவது இதனால்தான்.

சரி, பிளக்கைப் பிடுங்கியாயிற்று. இப்போது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் பாக்கி. 1746 வாக்கில் ஹாலந்தின் லெய்டன் நகரில் மூஸ்சென்புரூக் என்ற பேராசிரியர் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் மின்னேற்றி, அதில் அடிவாங்கினார். பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை தொடமாட்டேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குடுவையின் வாரிசுதான் அடுப்புக்குள் இருக்கும் நீள்வட்ட உலோக டப்பா. கொள்ளளவு ஒரு மைக்ரோஃபாரட் அளவுதான். ஆனால் 2000 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். மின்னேற்றம் தானாக வடிய டப்பாவுக்குள்ளேயே 10 மெகாஓம் மின்தடை ஒன்றை வைத்திருப்பார்கள். அது சரியாக இருந்தால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும் வடிந்துவிடும். அது அறுந்துபோயிருந்தால்? வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்தாலும் எரியாது. பிளக் பிடுங்கிய கருவியிலிருந்து தரைக்கு மின்சுற்று முழுமையாகாதே.

இந்த டப்பாவில் தேங்கும் ஆற்றல் சில ஜூல்தான். நிச்சயம் கொல்லும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் இதயத் துடிப்பு ஒவ்வொன்றிலும், கீழறைத் தசை சுருங்கி முடித்து மறுபடி தயாராகும் சிறு இடைவெளி உண்டு. மின்னதிர்ச்சி அந்த நொடிப்பகுதியில் விழுந்தால் தாளம் குலைந்து வெறும் நடுக்கமாகிவிடலாம். வலக்கையில் நுழைந்து இடக்கையில் வெளியேறும் பாதை நெஞ்சைக் கடக்கிறது. உயிர் தப்பினாலும், உதறி இழுத்த கை தகட்டின் கூர்முனையில் கிழிபடுவது சாதாரணம். சீலிங் ஃபேன் கெபாசிட்டரில் தேங்குவது இதைவிட மிகக் குறைவு. ஏணி மேல் நிற்பவருக்கு அந்தச் சின்ன உதறலும் அதிகம்.

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வார்கள். சில நிமிடம் காத்திருந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதற்கென இன்சுலேட் செய்த கருவியால் கெபாசிட்டர் முனைகளை இணைத்து மின்னேற்றத்தை வடித்த பிறகே உள்ளே கை வைப்பார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடலாம். நாமே பார்க்கக்கூடியது வேறொன்று இருக்கிறது. அடுப்புக்குள் பொறி பறக்கிறது என்று பயந்து கடைக்குத் தூக்கிப்போகும் பல அடுப்புகளில், குற்றவாளி உட்சுவரில் இருக்கும் மைக்கா அட்டைதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அது கருகிப் பொறி கிளப்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பாருங்கள். கருகி ஓட்டை விழுந்திருந்தால் உதிரிபாகக் கடையில் அதே அளவுக்கு அட்டை வெட்டித் தருவார்கள். பெரும்பாலான மாடல்களில் அதை அடுப்பின் உள்ளறை வழியாகவே மாற்றலாம். மேல்மூடியின் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டியதில்லை.