வற்று நேரம் பார்த்துப் போங்கள்

டியூஷன் முடிந்தால் நீச்சல், நீச்சல் முடிந்தால் தமிழ் வகுப்பு. சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. ஞாயிறு கிடைத்தால் குடும்பத்தோடு சிராங்கூன் சாலை: வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்காயும், மதியம் வாழையிலைச் சாப்பாடு. நல்ல ஞாயிறுதான். ஆனால் பிள்ளைகளை இயற்கையோடு சில நாள் பழகவிட வேண்டும் என்று தோன்றியதும், நம்மில் பலர் மூணாறுக்கும் கேமரன் மலைக்கும் விடுதி தேடத் தொடங்கிவிடுகிறோம். நம் ஊரிலேயே இருக்கும் செக் ஜாவா பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை.

தானா மேரா நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் சாங்கி வில்லேஜ் வரும். அங்கே பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். பத்து நிமிடத்தில் புலாவ் உபின். ஜொகூர்க் கடற்பாலத்துக்குக் கருங்கல் கொடுத்த தீவு இது. கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது, கொக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா.

சதுப்புக்காடு, மணல்திட்டு, கடற்புல் படுகை, பாறைக் கரை எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பதுதான் இதன் சிறப்பு. நீர் வற்றியதும் கடலின் அடித்தளம் வெளியே வரும். ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் நண்டுகள், துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும் மீன்கள், உள்ளங்கையைவிடப் பெரிய நட்சத்திர மீன்கள் என எல்லாவற்றையும் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அலையாத்தி வேர்கள் பழகிய காட்சிதான். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் சிங்கப்பூரின் சதுப்புகளில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் படக்கூடாது என்று பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே இடமிருக்கிறது.

இந்தக் கரை இன்று இருப்பதே பெரிய விஷயம். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர், கடலைத் தூர்த்தே இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. தூர்க்கப்பட வேண்டிய இடங்களில் செக் ஜாவாவும் இருந்தது. 2000 டிசம்பரில் மாணவர்களை அழைத்து வந்த தாவரவியலாளர் ஜோசப் லாய், இங்கே இருக்கும் உயிர்ச்செல்வத்தைக் கண்டு மற்றவர்களுக்குச் சொன்னார். அருங்காட்சியக உயிரியலாளர்களும் தொண்டூழியர்களும் வற்று நேரங்களில் சேற்றில் இறங்கி, உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். ரியா டானும் நம்மவரான என். சிவசோதியும் அந்த முயற்சியில் முன்னின்றவர்கள். கரை தூர்க்கப்படப் போகிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் படகேறி வந்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. மேம்பாட்டுக்குத் தேவைப்படாத வரை தூர்ப்பதில்லை என்பது மறுமாதம் உறுதியானது.

‘தேவைப்படாத வரை’ என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கும் சட்டப்படி இயற்கைக் காப்பிடங்கள். செக் ஜாவாவுக்கு அந்தத் தகுதி இல்லை. அன்று அதைக் காப்பாற்றியதில் போய்ப் பார்த்தவர்களின் பங்கும் உண்டு. பார்க்காத கரைக்காக எந்தப் பிள்ளையும் வளர்ந்தபின் குரல் கொடுக்கப்போவதில்லை.

கரைக்குச் சோதனை இயற்கையிடமிருந்தும் வந்தது. 2006 கடைசியில் ஜொகூரில் பெருமழை பெய்து, ஆற்று நீர் பெருக்கெடுத்துக் கடலின் உப்பைக் குறைத்துவிட்டது. உப்பு நீருக்குப் பழகிய உயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. இருவாச்சிப் பறவையும் இப்படித் திரும்பி வந்ததுதான். பல தலைமுறைகளாகச் சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த அது, 1990களில் உபினில் மறுபடி தென்பட்டு, செயற்கைக் கூடுகளின் துணையோடு பெருகியது. இப்போது நகரத்துக்குள்ளேயே வீவக வீட்டுச் சன்னலிலிருந்து அதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

போவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: வற்று அட்டவணை. நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளில்தான் கரை முழுதாகத் தெரியும். ஜூன் விடுமுறையில் பெரிய வற்று விடியலை ஒட்டியும், ஆண்டிறுதியில் மாலையிலும் வரும். மாலையில் போனால் கடைசிப் படகுக்கு நேரத்தோடு துறைக்குத் திரும்பிவிடுங்கள். இரவு தங்குவதானால், தீவின் ஜெலுத்தோங், மாமாம் கடற்கரைகளில் கூடாரம் போட இடம் உண்டு. சேற்றில் இறங்கிப் பார்க்க தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டி நடைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். 2007இல் திறந்த நடைப்பாலத்தில் நடக்க மட்டும் பதிவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற காலணி போதும். சிப்பியையும் நத்தையையும் பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலி ஓடுகூட நாளைக்கு ஒரு துறவி நண்டுக்கு வீடாகும்.