சிப்பிக் கடலும் சமஷ்டியும்

இலங்கையின் சிலாவத்துறைக்கு நேரே கிடக்கும் முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள், கரையிலிருந்து பல மைல் தள்ளியவை. கரையோர அரசின் சட்டம் மூன்று மைலுக்கு மேல் செல்லாது என்பதே 19ஆம் நூற்றாண்டின் பொது வழக்கு. ஆனாலும் 1811இலேயே இலங்கையின் பிரித்தானிய ஆட்சி, பார்களை வட்டமிடும் வள்ளங்களைப் பறிமுதல் செய்யச் சட்டம் போட்டுவிட்டது. பார்கள் தொன்றுதொட்டு இந்தக் கரைக்குரியவை என்பது அதன் வாதம்.

அவுஸ்திரேலியாவில் அப்படி வாதாட ஆளில்லை. அங்கே ஆறு பிரித்தானியக் குடியேற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அரசு, தனிச் சுங்கம். பக்கத்துக் குடியேற்றத்துக்குச் சரக்குக் கொண்டுபோனாலே வரி! குயின்ஸ்லாந்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் கடலில் சிப்பி எடுத்தார்கள். முத்தைவிட, சட்டைப் பொத்தான் வெட்ட உதவும் பளபளத்த ஓட்டுக்குத்தான் அங்கே கிராக்கி. மூன்று மைலைத் தாண்டிய படகுகளைக் கட்டுப்படுத்த அந்தக் குடியேற்றங்களால் முடியவில்லை.

அதற்கு உதவியது, குடியேற்றங்களுக்குப் பொதுவாகச் சட்டமியற்ற 1886இல் ஹோபார்ட்டில் முதன்முதலாகக் கூடிய சமஷ்டிப் பேரவை. 1888இலும் 1889இலும் அந்தச் சிப்பிக் கடல்களுக்கென்றே சட்டம் இயற்றியது. மற்றப்படி அது நோஞ்சான் பேரவைதான்: சொந்த வருமானம் இல்லை, நிர்வாகம் இல்லை, நியூ சவுத் வேல்ஸ் கடைசிவரை சேரவே இல்லை.

பின்னர் குடியேற்றங்களை ஒன்றிணைக்க மாநாடுகள், வாக்கெடுப்புகள், இழுபறிகள். 1901 ஜனவரி 1இல் ஆறும் ஒரே நாடாயின. கரையோர எல்லைக்கு அப்பாலுள்ள மீன்பிடி பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 51ஆம் பிரிவின்படி மத்திய பாராளுமன்றத்துக்குப் போனது.